கயிற்றை விடாத கை

தண்ணீரின்மேல் நிற்க வேண்டுமானால் முதலில் தரையில் என்னென்ன பழக வேண்டும் என்று எங்கள் எஞ்சினியரிடம் இருந்த சீமைப் புத்தகத்தில் ஒரு பக்கம் போட்டிருந்தது. பனிமலையில் சறுக்க வேண்டுமாம். அடியில் கத்தி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு உறைந்த ஏரியில் ஓட வேண்டுமாம். குதிரை ஏற வேண்டும், துடுப்புப் போட வேண்டும், கம்பியில் தொங்கிக் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் மைசூரில் ஐஸ் என்றால் சோடாக் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருக்கும் சமாசாரம். அதன்மேல் ஏறி ஓடினால் கடைக்காரன் துடைப்பக்கட்டையோடு துரத்துவான். இதை நான் சொன்னபோது எஞ்சினியர் சிரிக்கவில்லை. "நம்ம ஊரில் இதற்குச் சமமாக என்ன இருக்கிறதோ அதைச் செய்" என்றார்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரு சர்க்கார் ஆபீசில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தேன். இருபத்து நாலு வயது. எஞ்சினியர் எங்களுக்கு மேலதிகாரி. வெளிநாட்டில் ஒரு வருஷம் படித்துவிட்டு வரும்போது, மற்றவர்கள் கைக்கடிகாரமும் கம்பளிக் கோட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், இவர் இரண்டு நீளமான மரப்பலகைகள் வாங்கிக்கொண்டு வந்தார். முனை மேலே வளைந்திருக்கும். நடுவில் பாதத்தை நுழைக்க ரப்பர் உறை. அதை மாட்டிக்கொண்டு, மோட்டார் படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தால் தண்ணீரின்மேல் நின்றபடியே போகலாம். நீர்ச்சறுக்கு. ஸ்கீ என்றுதான் நாங்கள் சொல்வோம்.

பலகை வந்ததே தவிர அவரால் நிற்க முடியவில்லை. அவருடைய உடம்பு அப்படி. பழைய படகு ஒன்றைச் சிநேகிதர்களோடு சேர்ந்து வாங்கி, கண்ணம்பாடி அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் தண்ணீரில் இறக்கினார். படகு உறுமும், கயிறு விறைக்கும், இவர் முக்கால்வாசி எழுந்து பொத்தென்று விழுவார். அதனால் ஆபீசில் ஒரு நாள், நன்றாக நீந்தத் தெரிந்த, ஒல்லியான ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். தசராவுக்கு வெளியூர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் அணையைப் பார்க்க வருவார்கள், அவர்கள் முன்னால் ஒருத்தன் கையை ஆட்டிக்கொண்டே தண்ணீரின்மேல் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரியில் நீந்தி வளர்ந்தவன். கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினாய் என்று அம்மா பிற்பாடு நூறு தடவை கேட்டாள். கோடு போட்டுக் கோடு போட்டு அலுத்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

படகை ஓட்டுவதற்கு ராஜ்ய எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரன் ஒருவனை எஞ்சினியர் வைத்திருந்தார். எனக்கு ஒத்த வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனுடைய தமிழ் எங்காத்துத் தமிழுக்கு முற்றிலும் வேறு. முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, புளியோதரை தின்ன ஒடம்புங்க இது. படகு இழுக்கற இழுப்புல கை தனியா வந்துருமுங்க" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் வேலை ஓட்டறது, ஓட்டு" என்றேன். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் பேர். பேர் என்ன பேர், உண்மைதான்.

ஆனால் அவன் சொன்னது குத்தியது. மறுநாளே கரடிமனைக்குப் போனேன். மைசூரில் மல்யுத்தக் கூடத்துக்கு அதுதான் பெயர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்று இருந்தது. பள்ளம் தோண்டிச் செம்மண் நிரப்பியிருப்பார்கள். சுவரோரம் கர்லாக்கட்டைகள், நடுவில் வழுவழுவென்று ஒரு மல்லகம்பம், உத்தரத்திலிருந்து தாம்புக்கயிறு. ஐயங்கார் பிள்ளை கோவணத்தோடு வந்து நின்றதைப் பார்த்து அங்கே இருந்தவர்களுக்கு ஏகப்பட்ட கொண்டாட்டம். வியர்வையில் என் திருமண் கரைந்து மூக்கு நுனியில் வடியும்போதெல்லாம் ஒருவன் மணி அடிப்பதுபோல் சைகை காட்டுவான். காட்டட்டும் என்று விட்டேன்.

சீமைப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுக் கண்டுபிடித்தேன். குட்டிக்கரணத்துக்கு மல்லகம்பம். தொடைக்கு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கும் பஸ்கி. அது போதாதென்று விடியற்காலையில் சாமுண்டி மலைப் படிகளை ஓடி ஏறுவது. மூச்சுக்கு, ஆபீசிலிருந்து கண்ணம்பாடிக்குப் பன்னிரண்டு மைல் சைக்கிள். உடம்பைச் சாயாமல் வைத்துக்கொள்வதற்கு டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பேன். கண்டக்டர் திட்டுவார், நான் பதிலுக்குத் திட்டுவேன். அம்மா, "ஐயோ ராமா, ஆபீசுக்குப் போறவனா நீ, சர்க்கஸுக்குப் போறவனா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பனிச்சறுக்குக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அதற்கு வழி சொன்னவன் படகுக்காரன். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அந்தப்பக்கம் அவனுக்குத் தெரிந்த ஒரு குடியானவரின் வயல் இருந்தது. நடவுக்கு முன்னால் சேற்றைச் சமன் செய்ய அங்கே பரம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நீளப் பலகையை மாடுகளுக்குப் பின்னால் கட்டி, ஆள் அதன்மேல் ஏறி நின்றுகொள்வான். மாடு இழுக்க, பலகை சேற்றில் வழுக்கிக்கொண்டு போகும். ஆள் முழங்காலை மடக்கி, கயிற்றைப் பிடித்து, பின்னால் சாய்ந்தபடி போவான். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

"எங்கூருல இதுக்கு ஸ்கீன்னு பேரு வெக்கலீங்க சாமி. பத்து வயசுல ஏறி நின்னேன்" என்றான் படகுக்காரன்.

நானும் ஏறினேன். மூன்றாவது சுற்றில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தேன். கயிற்றை விடவில்லை. மாடுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அரை வயல் தூரம் சேற்றில் முகத்தால் பரம்படித்துக்கொண்டு போனேன். அந்தக் குடியானவர் மாட்டை நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். படகுக்காரன் சிரித்துக்கொண்டே வந்து தூக்கிவிட்டான்.

"உழுந்தா உட்டுறோணுமுங்க. நீங்க உழுந்தது மாட்டுக்குத் தெரியுமா?"

அது மூளைக்கு ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் கரடிமனை. அங்கே சனிக்கிழமைதோறும் அனுமார் படத்துக்குச் சூடம் காட்டியபிறகு ஒரு பந்தயம் வைப்பார்கள். எல்லாரும் முறை வைத்து அந்தத் தாம்புக்கயிற்றில் தொங்க வேண்டும். யார் குறைந்த நேரம் தொங்கிவிட்டுக் கையை விடுகிறானோ அவன்தான் அந்த வாரம் முழுக்கச் செம்மண்ணைக் கொத்திப் புரட்டிப்போட வேண்டும். முதல் மூன்று வாரம் நான்தான் கொத்தினேன். மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்து, ஆபீசில் பேனா பிடிக்க முடியாமல் திண்டாடினேன். நாலாவது வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன். உள்ளங்கை எரியும். எரியட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டால், பிறகு எரிவது தெரியாது. அந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் என்னை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. மணி அடித்துக் காட்டியவன் அடுத்தடுத்த வாரங்களில் மண் கொத்தினான். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஆனி மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மேல்கோட்டை. அவள் அப்பா அங்கே வேதம் சொல்லிக்கொடுப்பவர். பெண் பார்க்கப் போன அன்று பஸ் வழியில் நின்றுபோய் இரண்டு மணி நேரம் தாமதம். இறங்கியதும் நான் டிரைவரைப் பிடித்துக் கத்தினேன். நான் இறங்கிக் கத்திய இடம் அவர்கள் வீட்டுக்கு எதிரே என்று எனக்குத் தெரியாது. உள்ளே போய் உட்கார்ந்தபோது எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. தை மாதத்தில் முகூர்த்தம் என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

ஆடியில் அணை நிரம்பியது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர்தான். பழகியதெல்லாம் பாதி உதவியது, பாதி கெடுத்தது. தண்ணீரில் முழங்காலை மார்போடு மடக்கி உட்கார்ந்து, பலகை முனைகளை மேலே நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். படகு இழுக்கும்போது கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, அது தூக்குகிறபடி எழுந்திருக்க வேண்டும். நாமாக எழுந்திருக்கப் பார்க்கக் கூடாது. கரடிமனைக் கை சும்மா இருக்குமா? கயிற்றை மார்புக்கு இழுக்கும். இழுத்த மறுநிமிஷம் மல்லாக்க விழுவேன். படகுக்காரன் வட்டமடித்து வந்து, "தண்ணிகூட மல்லுக்கு நிக்காதீங்க சாமி, அது செயிச்சுரும்" என்பான். மூன்று வாரத்துக்குப் பின் ஒரு நாள் எழுந்து நின்றுவிட்டேன். கால் தானாகப் பரம்புப் பலகையில் நின்ற மாதிரி மடங்கிக்கொண்டது. கரையில் எஞ்சினியர் தொப்பியைக் கழற்றி ஆகாசத்தில் எறிந்தார். நான் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், சைக்கிளில் வீடு திரும்பும்போது வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தேன்.

ஆவணியில், தசராவுக்கு ஒரு மாதத்துக்கும் மேலே இருக்கும்போது, அது நடந்தது.

படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் அலை வரம்பு கட்டும். அந்த வரம்பைத் தாண்டி வெளியே போய்த் திரும்ப வேண்டும், அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். வெளியே போய்விட்டேன். திரும்பும்போது வலது பலகையின் முனை அலையில் குத்தியது. பக்கவாட்டில் விழுந்தேன். இடது கை நழுவிவிட்டது. வலது கை கயிற்றின் முனையிலிருந்த கட்டையைப் பிடித்திருந்தது.

படகுக்காரன் உடனே திரும்பிப் பார்த்துவிட்டான். "கயித்த உடுங்க சாமி! உட்டுருங்க!" என்று கத்தினான். எனக்கு நன்றாகவே கேட்டது. தலை தண்ணீருக்கு மேலே வந்து வந்து போனதால் ஒவ்வொரு தடவையும் கேட்டது. கட்டையை விட்டால் தீர்ந்தது, அங்கேயே மிதந்துகொண்டிருப்பேன் என்றும் தெரியும். விடவில்லை. தோள் எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன், சனிக்கிழமைகளில் செய்ததுபோலவே. அவன் எஞ்சினை அணைப்பதற்குள் ஒரு கூப்பிடு தூரம் இழுபட்டிருந்தேன். கை முதுகுக்குப் பின்னால் போய் முறுக்கிக்கொண்டிருந்தது. படகில் ஏற்றியபோதும் விரல்கள் கட்டையைப் பிடித்தபடியே இருந்தன. அவன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிரித்ததைக் கண்ணால் பார்த்தேன், கைக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊசியால் குத்திக்கொண்டே வந்தார். "இங்கே? இங்கே?" என்று கேட்டார். தோளுக்குக் கொஞ்சம் கீழே வரைதான் நான் பதில் சொன்னேன். பிறகு அவர் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நரம்பு இழுபட்டிருக்கிறது, பலம் பெரும்பாலும் திரும்பும், தொடு உணர்ச்சி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். அன்று பயந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நன்றாகப் பயந்தேன். அதற்கப்புறம் பயமும் போய்விட்டது.

அது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போனது கை மட்டும்தான். ஆனால் மற்றதெல்லாமும் அதன் கூடவே போன மாதிரி இருந்தது. தசராவில் ஸ்கீக் காட்சி நிற்கவில்லை. எஞ்சினியரே படகை ஓட்டினார், பலகையில் படகுக்காரன் நின்றான். மூன்றே ஞாயிறு பழகினானாம். பெரிய மனிதர்கள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் அலை வரம்பைத் தாண்டி வெளியே போய், வளைந்து திரும்பி, ஒரு கையை ஆட்டினான். ஒரு தடவை விழுந்தான். விழுந்த கணமே கயிற்றை விட்டுவிட்டு, தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். பொறாமை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவனுக்காகச் சந்தோஷமும் வரவில்லை. காட்சி முடிந்ததும் அவன் ஈரத்தோடு நேரே என்னிடம் வந்தான். "உங்க எடமுங்க சாமி இது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான், "பரவால்ல, நன்னா இருந்தது" என்றேன்.

டாக்டர் சொன்னபடி பலம் திரும்பியது. ஐப்பசியில் விரல் மடங்கியது, கார்த்திகையில் கர்லாக்கட்டையைச் சுற்றினேன். ஆபீசில் கோடுகூடப் போட்டேன், கண்ணால் பார்த்துக்கொண்டே போட்டால் போடலாம். அழுத்தம்தான் தெரியாது. எத்தனை நிப் உடைந்தது என்று கேட்காதீர்கள். கோபம்கூட வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், சாதுவாயிட்டீங்க, கல்யாண களையா?" என்று கிண்டல் செய்தார்.

அம்மாவுக்கு ஒரு நாள் காலையில்தான் முழுக்கத் தெரிந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தை நான் துணியில்லாமல் எடுத்து நகர்த்தி வைத்தேன். அம்மா வீல் என்று கத்தினாள்.

"கையைக் காட்டுடா! வெந்துபோயிருக்கு. உனக்குத் தெரியலையா?"

"தெரியல."

"ஊசி குத்தினா?"

"தெரியாதும்மா. தோள்லேர்ந்து ஒண்ணும் தெரியாது."

அம்மா என் உள்ளங்கையில் வெண்ணெயைத் தடவினாள். தடவிக்கொண்டே அழுதாள். நான் அவள் விரல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "மேல்கோட்டைக்காராளுக்கு இது தெரியவேண்டாம்" என்றாள்.

"சொல்லிடலாம்மா. அவா யோசிக்கட்டும்."

"என்ன யோசிக்கறது? நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னா யாருக்குக் கெட்ட பேரு? உனக்கா? அந்தப் பொண்ணுக்குடா. ராசியில்லாதவள்னு ஊர் சொல்லும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொல்லிவெச்சா? நாம பொய்கூடச் சொல்லல. வாயை மூடிண்டு இருக்கோம், அவ்வளவுதான்."

அப்பா எல்லாவற்றையும் அம்மாவிடம் விட்டுவிட்டவர். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நினைத்தால் மேல்கோட்டைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். பஸ் ஏறிப் போயும் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் இருந்தது. சொல்லாமல் இருந்தது தப்பு என்று எனக்குத் தெரிந்தது, உறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். குனிந்த தலையும் வகிடும்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் முகூர்த்தத்தன்று கையைப் பிடிக்க வேண்டுமே. அதற்கும் பயிற்சி எடுத்துக்கொண்டேன். அதையும் ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை வலது கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பேன். தளர்த்தினால் விழும், இறுக்கினால் பிதுங்கும். கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் சரியாக வந்தது. அந்தண்டை பார்த்தால் பிதுங்கிவிடும். "பெருமாளுக்கு வெச்ச பழம்டா, பாவி!" என்று அம்மா கத்துவாள். தை பிறப்பதற்குள் பார்த்துக்கொண்டே பிடிக்கப் பழகிவிட்டேன்.

மேல்கோட்டையில் கல்யாணம். பனி விழுந்துகொண்டிருந்தது, பந்தல் துணியெல்லாம் ஈரம். தாலி கட்டினேன். முடிச்சைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டேன், மூன்றாவது முடிச்சை நாத்தனார் முறையில் என் அக்கா போட்டாள். அதற்கப்புறம் பாணிக்கிரகணம். வாத்தியார் சொன்னார்:

"அவ அஞ்சு வெரலையும் மொட்டு மாதிரி குவிச்சு, கட்டை வெரலோட சேத்துப் பிடிச்சுக்கோங்கோ. மந்திரம் முடியறவரைக்கும் விடப்படாது. நழுவப்படாது, அபசகுனம். கையைப் பாக்காதேங்கோ, அக்னியைப் பாருங்கோ."

கையைப் பார்க்காதே என்பது நான் பழகாத பாடம். ஒரு தடவை குனிந்து பார்த்தேன். "அக்னி, அக்னி" என்றார் வாத்தியார். அக்னியைப் பார்த்தேன். என் கையில் அவள் கை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நழுவினால் எல்லாருக்கும் தெரிந்துபோகும், அவள் அப்பா எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். நழுவக் கூடாது என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. பிடித்துக்கொண்டேன். மந்திரம் நீளமாகப் போயிற்று. ஓரக்கண்ணில் அவள் கன்னத்தில் கண்ணீர் வழிவது தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு மாமி, "ஹோமப் புகை" என்றாள். இன்னொரு மாமி, "புகை என்ன புகை, பொறந்தாத்தை விட்டுப் போறோமேன்னு இருக்காதா?" என்றாள். எல்லாக் கல்யாணத்திலும் பெண் அழுவாள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். வாத்தியார் விடச் சொன்னதும் விட்டேன். ஒன்றும் நழுவவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா கண்ணால் எனக்குச் சொன்னாள்.

பந்தியில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இலையில் எல்லாம் வந்துவிட்டது. நான் கண்ணை இலையில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். அவள் இலையில் கை வைக்கவில்லை. ரசம், எங்காத்தில் சாற்றுமுது என்போம், வந்து போனது. அப்போதும் வைக்கவில்லை.

"என்மேல கோபமா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கோபமா? எதுக்கு?"

அவள் வலது கையை இலையோரத்தில் வைத்தாள். நடு மூன்று விரல்களும் வீங்கி நீலம் பாரித்திருந்தன. நெளி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. பக்கத்து விரலில் அது அழுந்தின இடம் கிழிந்து, மருதாணிச் சிவப்புக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"நானா பண்ணினேன்?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முதல் தடவை. பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற பார்வை. அவ்வளவு நேரமும், மந்திரம் முடிகிறவரைக்கும், இவன் வேண்டுமென்றே நசுக்குகிறான், இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாது. சத்தியமா. இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது."

"எப்பலேர்ந்து?"

"ஆவணிலேர்ந்து."

"அப்பாக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே" என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "தாலி கட்டறதுக்கு முன்னாடி."

அதற்குள் அவள் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டே எங்களிடம் வந்துவிட்டார். மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, எங்கள் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"ஏம்மா, எலைல கையே வெக்கலையே? ஒடம்பு சரியில்லையா?"

நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையை நீட்டினால்கூடப் போதும். பந்தலிலேயே பெரிய ரகளை ஆகியிருக்கும். அவர் அவளை அன்றைக்கே உள்ளே அழைத்துக்கொண்டு போயிருப்பார். போனால் நியாயம்தான் என்றும் எனக்குத் தோன்றியது.

அவள் அந்தக் கையை மடிக்கு இழுத்து, புடவைத் தலைப்பை அதன்மேல் போட்டுக்கொண்டாள்.

"பசிக்கலைப்பா" என்றாள்.

"கல்யாணத்தன்னிக்கு எந்தப் பொண்ணுக்குப் பசிச்சிருக்கு?" என்று அவர் சிரித்துவிட்டு, "மாப்பிள்ளைக்குத் திருக்கண்ணமுது கொண்டு வாங்கோ" என்று பாயசம் பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார். பந்தி முடிகிறவரைக்கும் அவள் கை வெளியே வரவில்லை. என் இலையில் இருந்ததையெல்லாம் நான் சாப்பிட்டு முடித்தேன்.